விலை கேட்டு வரும் கருவி

செய்தித்தாள்களில் 'விருதுநகர் மார்க்கெட்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் வெளிவருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலை எண்ணெய் 15 கிலோ டின் இவ்வளவு, துவரம் பருப்பு மூட்டை இவ்வளவு, வத்தல் குவிண்டால் இவ்வளவு என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். விருதுநகரைச் சுற்றிலும் கரிசல் காடும் கருவேல மரங்களுமே அதிகம். அங்கே விளையாத பல பொருள்களுக்கும் அங்கே விலை உண்டு என்பதுதான் அந்த ஊரின் சிறப்பு.

என் பெரியப்பா அங்கே ஒரு மண்டியில் கணக்கு எழுதிவந்தார். பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனால் எனக்கு ஒரே வேலைதான். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். நான் ஓடிப்போய் விலை கேட்டுவர வேண்டும். முதல் நாள் "வத்தல் என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "டேய், குண்டு வத்தலா, சம்பா வத்தலா? புதுசா, பழசா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். அன்று முதல் பெரியப்பா ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே அனுப்பினார். சரக்கு, ரகம், அளவு என்று மூன்று வரி எழுதியிருப்பார். நான்காவது வரியில் விலையையும் அதைக் கேட்ட நேரத்தையும் நான் எழுதிக்கொண்டு வரவேண்டும். நேரம் எழுத மறந்தால் திட்டு விழும். காலை பத்து மணி விலைக்கும் மாலை நாலு மணி விலைக்கும் சம்பந்தமே இல்லாத நாள்கள் உண்டு.

இப்போது கணிப்பொறித் துறையில் அந்தச் சீட்டுக்கும் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடும் பையனுக்கும் புதிய பெயர்கள் வந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் பங்குச் சந்தையின் ஆப்ஷன் விலைகளைக் கேட்டு வாங்குவதற்கான கருவியைப் பற்றியே இக்கட்டுரை. முதலில் ஆப்ஷன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

அச்சாரமும் ஆப்ஷனும்

அச்சாரம் என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். சிவகாசிப் பட்டாசுக்கு வெளியூர் வியாபாரி ஒருவர் தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே ஒரு விலை பேசி, ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருங்கும்போது விலை ஏறினாலும் அவருக்குப் பேசிய விலைக்கே சரக்கு கிடைக்க வேண்டும். விலை இறங்கிவிட்டால் அவர் அச்சாரத்தை விட்டுவிட்டுப் போய்விடலாம். அவருடைய நட்டம் அந்தத் தொகையோடு நிற்கும்.

ஆப்ஷன் என்பதும் ஏறத்தாழ இதுவே. ஒரு பொருளைக் குறிப்பிட்ட கெடு நாளில் பேசிய விலைக்கு வாங்கும் உரிமை 'கால்' எனப்படும். விற்கும் உரிமை 'புட்' எனப்படும். அந்த உரிமையைப் பெறுவதற்குக் கொடுக்கும் தொகை பிரீமியம். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். அச்சாரம் பெரும்பாலும் விலையில் கழிந்துவிடும். பிரீமியம் கழியாது, கொடுத்தது கொடுத்ததுதான்.

இந்த எண்ணம் பழமையானது. கிரேக்க நாட்டுத் தேலீஸ் குளிர்காலத்திலேயே ஒலிவ எண்ணெய்ச் செக்குகளுக்குச் சிறு முன்பணம் கொடுத்து வைத்துக்கொண்டு, அறுவடைக் காலத்தில் அவற்றை நல்ல வாடகைக்கு விட்டாராம். அரிஸ்டாட்டில் இதை எழுதியிருக்கிறார். அம்பரைத் தேய்த்தால் அது பொருள்களை ஈர்க்கும் என்று நிலைமின்னியல் பாடத்தில் வருகிறதே, அந்தத் தேலீஸ்தான் இவர். இந்தியாவில் 1952-இல் வந்த முன்பேரச் சட்டம் சரக்குகளில் ஆப்ஷனைத் தடை செய்தது. பங்குகளிலும் நெடுங்காலம் தடை இருந்தது. தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி குறியீட்டின்மீது ஆப்ஷன் வாணிபம் 2001 ஜூன் மாதத்தில்தான் தொடங்கியது.

எத்தனை விலைகள்!

வத்தலுக்கு இரண்டு மூன்று ரகங்கள் என்றாலே எனக்குத் தலை சுற்றியது. ஆப்ஷனில் ஒரே குறியீட்டுக்கு எத்தனை விலைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கெடு நாளுக்கு 80 வெவ்வேறு 'பேசிய விலை'கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் கால் ஒன்று, புட் ஒன்று. ஆக 160 ஒப்பந்தங்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்குவோர் கேட்கும் விலை, விற்போர் சொல்லும் விலை, கடைசியாக விற்ற விலை, விற்ற நேரம், கைமாறிய எண்ணிக்கை, முடியாமல் நிற்கும் ஒப்பந்தங்கள் என ஆறு எண்களாவது வேண்டும். பெருக்கினால் 960. இவ்வாறு ஐந்து கெடு நாள்கள் இருந்தால் 4,800 எண்கள். சந்தை நடக்கும் நேரத்தில் இவற்றுள் பல நொடிக்கு நொடி மாறுகின்றன. வரிசையாக அடுக்கிய இந்தப் பட்டியலை 'ஆப்ஷன் செயின்' என்பார்கள்.

பேசும் பொறிக்கு விலை தெரியாது

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிவகாசிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் கைப்பேசியில் உரையாடும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றிடம் ஓர் ஆப்ஷனின் விலையைக் கேட்டார். 19 ரூபாய் 35 பைசா என்று பைசா சுத்தமாகப் பதில் வந்தது. உண்மையான சந்தையில் அப்போது அதன் விலை 4 ரூபாய்தான். மீண்டும் கேட்டோம். இம்முறை 16 ரூபாய் 80 பைசா என்றது. ஏன் கேட்கிறாய் என்று விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அவருடைய அண்ணன் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். காலண்டர் சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. நிரல் 19 ரூபாய் என்கிறது, சந்தையில் 4 ரூபாய்க்குக் கிடைக்கிறது, எனவே மலிவு என்று கருதி 6,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். கெடு நாளன்று அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு பூச்சியம் ஆயிற்று.

நிரல் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அது வேலை செய்யும் விதம் அப்படி. ஏராளமான எழுத்துக்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்ற நிகழ்தகவைக் கற்றுக்கொண்ட பொறி அது. அந்தப் படிப்பு ஒரு தேதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சந்தையில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. 'விலை என்ன?' என்ற கேள்விக்குப் பின் ஓர் எண் வருவது இயல்பு. எனவே பொருத்தமாகத் தோன்றும் ஓர் எண்ணை எழுதிவிடுகிறது. பெரியப்பாவிடம் வெறுங்கையோடு திரும்பாமல் நானாக ஒரு விலையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைப் போன்றதே இதுவும்.

சீட்டு எழுதும் முறை

இக்குறையைத் தீர்க்கவே 'கருவி' என்ற ஏற்பாடு வந்தது. இதில் மொழிப் பொறி தானே சந்தைக்குப் போவதில்லை, ஒரு சீட்டு மட்டும் எழுதுகிறது. வெளியே உள்ள சாதாரண நிரல் ஒன்று சீட்டை வாங்கிப் படித்து, சந்தைத் தகவல் தரும் கணிப்பொறியைக் கேட்டு, வந்த எண்ணை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. அதைப் பார்த்து மொழிப் பொறி நமக்கு வாக்கியமாகச் சொல்கிறது. இப்படித் தானே கருவியைத் தேர்ந்து, கேட்டு, வந்த பதிலைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யும் நிரலையே முகவர் என்கிறோம்.

உரையாடல் தொடங்கும் முன்பே கருவியின் விவரம் முகவரிடம் கொடுக்கப்படும். "இந்தக் கருவி ஆப்ஷன் விலை தரும். இதற்குப் பெயர், கெடு நாள், பேசிய விலை, கால் அல்லது புட் ஆகிய நான்கும் வேண்டும்" என்பது போல அந்த விவரம் இருக்கும். முகவர் எழுதும் சீட்டு இவ்வாறு அமையலாம்:

பெயர்: நிஃப்டி
கெடு நாள்: இம்மாதக் கடைசி
பேசிய விலை: 25,000
வகை: கால்

இதில் எது தவறு என்று சொல்ல முடிகிறதா? 'இம்மாதக் கடைசி' என்று எழுதினால் போதாது, தேதி வேண்டும். நல்ல கருவி இங்கே எதையும் ஊகிக்காது. "கெடு நாளைத் தேதியாகக் கொடு, உள்ள தேதிகள் இவை" என்று பிழைச் செய்தி அனுப்பும். முகவர் சீட்டைத் திருத்தி மறுபடி அனுப்பும். 'குண்டா, சம்பாவா?' என்று கேட்ட கடைக்காரர் செய்ததும் இதுவே. அன்று எனக்கு அவமானமாக இருந்தது. இன்று யோசித்தால் அவர் எனக்கு நன்மையே செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

ஒவ்வொரு முகவருக்கும் ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனிச் சீட்டு முறை இருந்தால் வேலை பெருகும். பத்து முகவர்கள், பத்துத் தகவல் நிலையங்கள் என்றால் நூறு இணைப்புகள். பொது முறை ஒன்று இருந்தால் இருபது போதும். ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது முறையை வெளியிட்டது. சுருக்கமாக எம்.சி.பி. என்பார்கள். 2025-இல் பெங்களூரைச் சேர்ந்த ஸிரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம் அம்முறையில் 'கைட் எம்.சி.பி.' என்ற கருவியை வெளியிட்டது.

கருவியை அமைப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 4,800 எண்களையும் அள்ளிக் கொட்டக் கூடாது. மொழிப் பொறி ஒரு வேளையில் படித்துத் தாங்கும் அளவுக்கு எல்லை இருக்கிறது, வேண்டியதைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். கடைசியாக விற்ற விலையை மட்டும் கொடுத்தால் ஏமாற்றமாகிவிடும். அதிகம் கைமாறாத ஒப்பந்தத்தில் அந்த விற்பனை காலையில் நடந்ததாக இருக்கலாம். எனவே வாங்குவோர், விற்போர் இருவரின் விலையும் நேரமும் கட்டாயம் வேண்டும். அலகும் முக்கியம். சந்தையிலிருந்து நேராக வரும் சில தகவல் ஓடைகளில் விலை பைசாவில் வரும். அதை ரூபாய் என்று எண்ணிக்கொண்டால் நூறு மடங்கு பிழை! அலகு எழுதாத விடைக்கு நான் ஏன் மதிப்பெண் குறைக்கிறேன் என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று, விலை கேட்கும் கருவியும் வாங்கு, விற்று என ஆணையிடும் கருவியும் தனித்தனியாக இருக்க வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையையும் நிரப்பும் அறையையும் ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள்? ஓர் அறையில் தவறு நேர்ந்தால் அது அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக. முகவர் படிக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் 'உடனே இதை வாங்கு' என்று யாராவது ஒரு வரி ஒளித்து வைத்திருந்தால், அதை முகவர் நம் கட்டளை என்று மயங்கிவிடக் கூடும். அதன் கையில் விலை கேட்கும் சீட்டு மட்டுமே இருந்தால் பணத்துக்கு ஆபத்தில்லை. மேலே சொன்ன கைட் எம்.சி.பி.யிலும், பொதுமக்களுக்கென விடப்பட்ட வடிவில் ஆணையிடும் வசதியைச் சேர்க்காமலே தொடங்கினார்கள்.

காசு சுண்டிப் பார்ப்போம்

சரியான விலை வந்துவிட்டது. அந்த விலை நியாயமானதா? இங்கேதான் நம் இயற்பியல் வருகிறது.

வகுப்பில் 40 பேர் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் 100 என்ற எண்ணில் தொடங்குங்கள். காசைச் சுண்டித் தலை விழுந்தால் 1 கூட்டுங்கள், பூ விழுந்தால் 1 கழியுங்கள். இப்படி 16 முறை செய்யுங்கள். இதுவே உங்கள் 'பங்கின்' 16 நாள் பயணம். பேசிய விலை 100 உள்ள கால் ஆப்ஷன் ஒவ்வொருவரிடமும் உண்டு. முடிவில் 106-இல் இருப்பவருக்கு 6 ரூபாய் வரவு, 94-இல் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. எல்லாருடைய வரவையும் கூட்டி 40-ஆல் வகுங்கள்.

விடை பெரும்பாலும் 1 ரூபாய் 20 பைசாவுக்கும் 1 ரூபாய் 95 பைசாவுக்கும் இடையில் எங்காவது வரும். ஆயிரக்கணக்கானவர் ஆடினால் அது 1 ரூபாய் 57 பைசாவை நெருங்கும். இந்த ஆட்டத்தில் அதுவே நியாயமான பிரீமியம். இதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு: 0.4 × ஒரு நாள் அலைச்சல் × √நாள்கள். இங்கே 0.4 × 1 × √16 = 1.60. சுண்டிக் கண்ட விடைக்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்!

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது? 1827-இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வெளிப்பட்டு நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் அலைவதை நுண்ணோக்கியில் கண்டார். அந்த அலைச்சலை 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். துகள் செல்லும் தொலைவு காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். நான்கு மடங்கு காலம் சென்றால் இரு மடங்கு தொலைவு. வியப்பு என்னவென்றால், ஐன்ஸ்டைனுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1900-இல், பாரிசில் லூயி பஷெலியே என்ற மாணவர் இதே கணிதத்தை எழுதிவிட்டார். அவர் ஆராய்ந்தது மகரந்தத்தை அல்ல, பாரிஸ் சந்தையின் ஆப்ஷன் விலைகளை! 1973-இல் பிளாக், ஷோல்ஸ் என்ற இருவர் இதை மேலும் திருத்தி ஒரு சமன்பாடு தந்தனர். மாறிகளைச் சற்று மாற்றி எழுதினால் அது இரும்புக் கம்பியில் வெப்பம் பரவும் சமன்பாடாகவே ஆகிவிடுகிறது. 1997-இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவ்விருவரும் பங்கேற்றிருந்த முதலீட்டு நிறுவனம் மறு ஆண்டே பெரும் நட்டத்தில் விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துகளுக்குப் பயம் கிடையாது, மனிதர்களுக்கு உண்டு. ஒருவர் விற்பதைப் பார்த்து மற்றவர் விற்கும்போது காசு சுண்டும் கணக்கு பொய்த்துவிடும்.

வாய்பாட்டைத் திருப்பியும் போடலாம். 16 நாள் கெடுவுள்ள ஆப்ஷன் 2 ரூபாய் 40 பைசாவுக்கு விற்கிறது என்று கருவி சொன்னால், 2.40 ÷ 0.4 = 6; 6 ÷ 4 = 1.5. அதாவது பங்கு நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் அலையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. தேசியப் பங்குச் சந்தை வெளியிடும் 'இந்தியா விக்ஸ்' என்ற எண்ணும் நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து இவ்வாறு எதிர்பார்ப்பை வடித்தெடுப்பதே. இந்தக் கணக்கையும் மொழிப் பொறியிடம் விடாமல் கணக்குப் போடும் கருவியிடம் கொடுப்பதே நல்லது.

மலிவான ஆப்ஷன்

இப்போது அச்சக அண்ணனின் விஷயத்துக்கு வருவோம். அவர் வாங்கியது பேசிய விலை வெகு தொலைவில் உள்ள ஆப்ஷன். நம் ஆட்டத்தில் பேசிய விலையை 106 என்று வைத்துப் பாருங்கள். லாபம் வர வேண்டுமானால் 16 சுண்டலில் 12 தலையாவது விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 65,536-இல் 2,517. நூற்றுக்கு நான்குகூட இல்லை. இதன் நியாயமான பிரீமியம் 10 பைசா. பத்துப் பைசா மலிவாகத்தான் தோன்றும். ஆனால் வாங்கிய நூறு பேரில் 96 பேருக்கு அது முழுதும் போய்விடும், அதுவும் நியாயமான விலைக்கு வாங்கினால்! பேசிய விலை 100 என்ற ஆட்டத்திலும் பிரீமியத்தைக் கழித்தபின் லாபம் பார்ப்பவர் நூற்றுக்கு 40 பேர்தான். கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தரகும் வரியும் வேறு உண்டு.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் முன்பேரத்திலும் ஆப்ஷனிலும் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம்.

கருவி இருந்திருந்தால் அண்ணனின் பணம் தப்பியிருக்குமா என்று அந்த மாணவர் கேட்டார். பாதிதான் என்றேன். விலை 19 அல்ல, 4 என்று கருவி சரியாகச் சொல்லியிருக்கும். நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்ற கேள்வியை யாராவது கேட்டிருந்தால்தானே அதற்குப் பதில் வரும்? அவர் அன்று மாலையே விடுதி அறையில் நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இருநூறு ஆட்டம் சுண்டினாராம். அந்தத் தாளை ஊருக்குப் போகும்போது அண்ணனிடம் காட்ட எடுத்துப் போனார்.

நீங்களும் செய்து பார்க்க இரண்டு கணக்குகள்:

1. 16-க்குப் பதில் 64 முறை சுண்டினால், பேசிய விலை 100 உள்ள கால் ஆப்ஷனின் நியாயமான பிரீமியம் வாய்பாட்டின்படி எவ்வளவு? அது ஏன் நான்கு மடங்காகவில்லை?

2. வகுப்பில் ஒருவர் கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்காரட்டும். பலகையில் பத்து ஆப்ஷன்களின் விலைகளை எழுதி, நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அவர் சீட்டு மட்டுமே எழுதலாம், இன்னொருவர் பலகையைப் பார்த்துச் சீட்டில் விடை எழுதிக் கொடுக்கலாம், வாய் பேசக் கூடாது. கேட்பவர் எழுதும் சீட்டில் என்னென்ன வரிகள் இருந்தால் ஒரு தடவையிலேயே சரியான விடை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.